பட்டியாலாவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கபடிப் பயிற்சியாளர் (முன்னாள்), வெள்ளிமலை, கல்வராயன்மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்: இயக்குநர் அவர்கள், நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம், பட்டியாலா.

பொருள்: பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் அரசியல் தாள் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

1961 முதல் நாட்டுக்குப் பயிற்சியாளர்களைத் தந்துவருகிறீர்கள். தசை எப்போது பிடிக்கும், மூச்சு எப்போது வாங்கும், எல்லாம் பாடத்தில் இருக்கிறது. கேப்டனின் முகம் எப்போது சுருங்கும் என்பதுதான் இல்லை.

619 டெஸ்ட் விக்கெட் எடுத்து, பிறகு இந்திய கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியாளரான கும்ப்ளேவையே எடுத்துக்கொள்ளுங்கள். தம் பாணி கேப்டனுக்கு ஒத்துவரவில்லை என்பது 2017 ஜூனில் வாரியம் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்ததாம். ஒரே ஓய்வறையில் ஓராண்டு இருந்தவர்கள்! மறுநாள் ராஜினாமா.

நம்ம டபிள்யூ.வி. ராமன் கதை இதைவிட ருசி. மிதாலி ராஜுடன் பிணக்காகி ரமேஷ் பவார் விட்டுப்போன பெண்கள் அணிப் பயிற்சியாளர் இடத்துக்கு 2018 டிசம்பரில் வந்தார். 2020 மார்ச் 8 அன்று மெல்போர்னில் 86,174 பேர் பார்க்க, பெண்கள் அணி டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியது. அடுத்த ஆண்டு மே மாதம் ராமன் வெளியே; உள்ளே வந்தவர் அதே பவார். 2022 டிசம்பரில் பவாருக்கும் இடமாற்றம். எங்கள் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகூட இப்படிச் சுற்றாது.

என் வழக்கு சிறியது. எங்கள் அணிக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தவர் ஓர் அண்ணன். முதுகில் அவர் படம். எண் எழுத இடமில்லாமல் இடுப்பருகே எழுதினோம். அவருடைய அக்கா மகன்தான் முதல் ரைடர். தாண்ட வேண்டிய கோட்டைத் தாண்டாமலே திரும்பி, எதிரணிக்குப் புள்ளி கொடுத்துவிட்டு மார்தட்டுவான். அரையிறுதியில் வெளியே உட்கார வைத்தேன். ஜெயித்தோம். இறுதியாட்டத்துக்கு முன் பனியனையெல்லாம் திருப்பிக் கேட்டார்கள். பிறகு பனியன் திரும்பி வந்தது, நான் வரவில்லை.

ஆகவே தாளைச் சேர்த்தருள்க. மாதிரி வினா: ‘சங்கத் தலைவர் மைதானத்துக்குள் இறங்கி வீரர்களைத் திட்டுகிறார். பயிற்சியாளர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?’ 2015இல் ஹாக்கிப் பயிற்சியாளர் பால் வான் ஆஸ் தலைவரையே பார்த்துவிட்டார். அந்த மாதமே வேலை போயிற்று.

பாடம் நடத்த ஆள் தேடி அலைய வேண்டாம். எங்கள் மாவட்டம் பிரிந்தது 2019இல்தான். இந்தத் துறையில் அதற்கு முன்பே தன்னிறைவு அடைந்துவிட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள்.

நகல்: பனியன் அண்ணனுக்கு அனுப்பப்படவில்லை.