பனிக்கருகலின் வீழ்ச்சி: உறைகறியும் காலக்கணக்கும் குறித்து ஓர் ஆய்வு

வட அமெரிக்க வீடுகளில் கராஜின் மூலையில் கிடக்கும் பெட்டி ஃப்ரீசரை ஆய்வுலகம் இன்னும் உரிய மரியாதையோடு அணுகவில்லை. மொத்த விலைக் கடையில் தட்டுத் தட்டாக வாங்கிய கோழித் தொடைகளும், ஹலால் கடையில் பாதி ஆடாகச் சொல்லி வெட்டி வாங்கிய மட்டனும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. கடைக்கும் ஃப்ரீசருக்கும் நடுவே இப்போது வேக்குவம் சீலர் என்ற சின்ன இயந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பையிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, வாயைச் சூட்டால் ஒட்டுவதுதான் அதன் வேலை. இதனால் கறியின் ஆயுள் கூடுகிறது என்பது ஊரறிந்த கருத்து. அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஃப்ரீசருக்குள் இருந்த ஒரே நாட்காட்டியை அந்த இயந்திரம் கிழித்துப் போட்டுவிட்டது, அதனால் கறி கெடுவதும் நின்றது, சமைக்கப்படுவதும் நின்றது என்பதே இங்கு நிறுவப்படும் துணிபு.

அந்த நாட்காட்டியின் பெயர் பனிக்கருகல். உறைந்த கறியின் மேற்பரப்பிலுள்ள பனித்துகள், தண்ணீராக உருகாமலே நேராக ஆவியாகிப் போகிறது. பொட்டலத்துக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால் போதும், இந்த ஆவி வெளியேற இடம் கிடைத்துவிடும். ஈரம் போன இடம் வெளுத்து, காய்ந்த தேங்காய்ச் சில்லு மாதிரி விறைக்கிறது. பிராணவாயு கொழுப்பைத் தொட்டுச் சிக்கு வாடையைக் கிளப்புகிறது. இதைத் தின்றால் உடம்புக்குக் கேடில்லை, ருசிக்குத்தான் கேடு. அமெரிக்க வேளாண் துறையும், மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து உறைந்திருக்கும் கறி காலவரையின்றிப் பாதுகாப்பானது என்றே சொல்கிறது. கொத்துக்கறிக்கு 3 முதல் 4 மாதம், கோழித் துண்டுகளுக்கு 9 மாதம் என்று அமெரிக்க அரசு தரும் கெடுவெல்லாம் ருசியைக் கருதித்தான். ஆக, கிருமியும் அவசரப்படுத்தவில்லை, சட்டமும் அவசரப்படுத்தவில்லை. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்ததும் 'ஐயோ, வெளுக்க ஆரம்பிச்சிருச்சே, இந்த ஞாயிற்றுக்கிழமை வச்சிரணும்' என்று வீட்டாரைச் சொல்லவைத்தது அந்த வெள்ளைத் திட்டு ஒன்றுதான்.

சேமிப்பவர் ஒருவர், தின்பவர் வேறொருவர், அல்லது யாருமே இல்லை என்பது இத்துறையில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். 1626-ல் இறந்த பிரான்சிஸ் பேக்கன், குளிரால் இறைச்சி கெடாமல் இருக்குமா என்று பார்க்க ஒரு கோழியின் வயிற்றில் பனியை அடைத்தார், அந்தக் குளிர் தாக்கியே மாண்டார் என்று ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். கதையில் எவ்வளவு உண்மை என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கோழியை யாராவது சமைத்தார்களா என்பதை ஆப்ரி சொல்லாமல் விட்டதுதான் நமக்கு வேண்டிய சான்று. 1657-ல் ஆட்டோ ஃபான் கெரிக்கே மாக்டபர்க் நகரில் இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒன்றாகப் பொருத்திக் காற்றை இழுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுத்துக் காட்டினார், பிரியவில்லை. இன்றைய சமையல் மேடையிலும் அதே சக்திதான் வேலை செய்கிறது. இயந்திரம் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகக் காற்றை உறிஞ்சினாலே, 20 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் அளவுள்ள பையின் ஒவ்வொரு பக்கத்தையும் சுமார் 350 கிலோ எடை அழுத்தும். அரைக் கிலோ மட்டனுக்கு இது கொஞ்சம் அதிக மரியாதை.

அழுத்தம் இவ்வளவு இருந்தும் ஒரு நெஞ்செலும்பின் முனையிடம் இயந்திரம் தோற்றுப்போகிறது. பை இறுக இறுக எலும்பு உள்ளிருந்து குத்தும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். மறுநாள் பார்த்தால் பொட்டலம் தொளதொளவென்று கிடக்கும். கழுவிய கறியை ஈரத்தோடு போட்டாலும் இதே கதிதான்: காற்றோடு கறிநீரும் வாய்ப்பக்கம் ஏறிவந்து, ஒட்டும் கோட்டை நனைத்துவிடும். கறியைத் தட்டில் பரப்பி ஓரிரு மணி நேரம் ஃப்ரீசரில் விறைக்கவைத்து, பிறகு பையிலிடுவது விவரம் தெரிந்தவர்கள் கையாளும் முறை. இங்கே ஆய்வாளன் கவனிக்க வேண்டியது, ஓட்டை விழுந்த பொட்டலத்தின் பின்கதை. அது மட்டுமே வெளுக்கும்; வெளுப்பதால் கண்ணில் படும்; கண்ணில் பட்டதால் அடுப்பேறும். பழுதில்லாத பொட்டலமோ வாங்கிய அன்றைய கோலத்தில் அப்படியே இருக்கும். பிராணவாயு படாததால் மாட்டுக்கறி கொஞ்சம் ஊதா சாயலில் தெரியும், அவ்வளவுதான். மூன்று வருடப் பொட்டலமும் மூன்று வாரப் பொட்டலமும் இரட்டைப் பிள்ளைகள். கை மேலே இருப்பதைத்தான் எடுக்கும். மேலே இருப்பது எப்போதும் போன வாரம் வாங்கியதாகத்தான் இருக்கும்.

அற்றேல், தேதி எழுதி வைத்தால் தீர்ந்தது அல்லவா எனின், தீராது. முதலாவது, பை நனைந்தபின் மார்க்கர் பிடிக்காது. கறி போடும் முன்பே எழுத வேண்டும், அந்த நேரத்தில் கையெல்லாம் கறி. இரண்டாவது, எழுதுகிறவர்கள் வருடத்தை எழுதுவதில்லை. எழுதும் நாளில் அதைவிடத் தெரிந்த விஷயம் வேறில்லை. அமெரிக்கத் தமிழ் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: 3/4 என்பது மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா என்பது எழுதியவர் அந்த ஊருக்கு வந்து எத்தனை காலமாயிற்று என்பதைப் பொறுத்தது. எல்லாம் சரியாக எழுதினாலும், தேதி வெறும் தகவல், வெள்ளைத் திட்டு புகார். குடும்பங்கள் புகாருக்கு அசைந்துகொடுக்கும், தகவலுக்கு அசையா.

காற்று போனால் கிருமியும் போச்சு, ஆகவே நிம்மதியாக இருக்கலாம் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. கிருமியைக் கட்டிப்போடுவது குளிர்தான். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் போன்ற சிலவற்றுக்குக் காற்றில்லாத இடமே மாமியார் வீட்டு விருந்து. எனவே பொட்டலத்தை மேடைமேல் போட்டுவிட்டு வேலைக்குப் போகாமல், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிட வேண்டும். மீனானால் பையைக் கிழித்துவிட்டு உருகவைப்பது நல்லது. மொத்தமாக வாங்கினால் காசு மிச்சம் என்போருக்கு ஒரு கேள்வி போதும்: தின்னாத கறிக்குக் கிலோ என்ன விலை?

இயந்திரத்தைத் தூக்கி எறியச் சொல்ல இக்கட்டுரைக்குத் துணிவில்லை. அதை வாங்கியவர்கள் பையும் சுருள் சுருளாக வாங்கியிருப்பார்கள். மாறாக, ஒவ்வொரு முறையும் பத்துப் பொட்டலம் கட்டினால் பதினொன்றாவதைக் காற்றோடு, சாதாரணப் பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பத்தின் தலைமேலேயே வைக்கலாம் என்பது நமது பரிந்துரை. இதைச் சாட்சிப் பொட்டலம் என்க. அது வெளுக்கத் தொடங்கியதும் கீழேயுள்ள பத்துக்கும் முறை வந்துவிட்டது என்று பொருள். சாட்சியை யார் தின்பது எனின், அதைச் சாப்ஸுக்கும் சுக்காவுக்கும் கொடுக்காமல், மிளகும் தேங்காயும் தாராளமாக அரைத்துவிட்ட குழம்பில் முதல் ஆளாகப் போட்டு, இரண்டு விசில் கூடுதலாக விட வேண்டும்.