ஆடு எப்படி ஜெயிக்கும்?

கேள்வி: ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டின் பக்கம் விளையாடினால் தோல்விதானா? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: இல்லவே இல்லை! புலி 3, ஆடு 15, புள்ளிகள் 23. புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்ட வேண்டுமானால், அதே கோட்டில் ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும். புலியின் பலமெல்லாம் அந்தக் காலி இடத்தில்தான். ஆகவே கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டை அந்தக் கோட்டு வழியே தாண்ட முடியாது. முதுகுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றாலும் முடியாது. முதல் ஆடுகளை ஓரத்தில் இறக்குங்கள், ஒன்றையொன்று ஒட்டியே உள்ளே நகருங்கள். தனி ஆட்டை நடுவில் வைப்பது புலிக்கு விருந்து வைப்பதுதான். ‘எல்லா ஆட்டையும் இறக்கும்வரை ஒன்றைக்கூட நகர்த்த முடியாதே, இது அநியாயமில்லையா?’ என்பீர்கள். அந்த நேரத்தில் புலி ஒன்றிரண்டை அடிக்கும், உண்மை. ஆனால் 15 ஆடும் இறங்கினால் புலிகளையும் சேர்த்து 18 புள்ளிகள் நிரம்பிவிடும், மிச்சம் ஐந்தே. இரண்டு ஆடு போனாலும் காலியிடம் ஏழுதான். புலி நகர வழியில்லாமல் அடைத்துவிட்டால் வெற்றி உங்களுக்கு. உங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரிக் கோட்டையையே பாருங்கள்: 1791-இல் ஆங்கிலேயப் படை பாய்ந்து பார்த்தது, மலைக்கோட்டை விழவில்லை. புலிச் சின்னம் கொண்ட திப்பு சுல்தானின் ஆட்கள் அன்று கோட்டையைக் காத்து ஆட்டின் பக்கம் ஆடினார்கள்!