ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லையாம்!

ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி நூலகர் ஒருவர் காலமானால் படத்திறப்பில் என்ன பேசுவார்கள் என்பது அவர் காலமாவதற்கு முன்பே நமக்குத் தெரியும். போன வாரமும் அதையேதான் பேசினார்கள். எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அமைதியானவர் என்பார்கள். புத்தகங்களைப் பெற்ற பிள்ளைகளாகப் பார்த்தார் என்பார்கள். பிறகு குரலை ஒரு படி ஏற்றி, முப்பது வருட சர்வீஸில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை என்பார்கள். துக்கக் கூட்டத்தில் கைதட்டலாமா கூடாதா என்று சபை தவிக்கும். முதல் இரண்டையும் விட்டுவிடலாம். யார் செத்தாலும் அமைதியானவர்தான். மூன்றாவதை விட முடியாது. அது புகழுரையே அல்ல, குற்றப்பத்திரிகை என்பது என் கட்சி. இதை நிரூபித்துவிட்டு, ஒரு நல்ல நூலகரின் வாழ்க்கையை எப்படி நினைவுகூர வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். இடம் இருந்தால்.

நம் நாட்டில் புத்தகம் தொலைவதற்கு விதிப்படியே அனுமதி உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215-ஐப் புரட்டிப் பாருங்கள். வாசகர் கைக்குப் போன ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் ஆண்டுக்கு 5 தொலைந்தால் அது நியாயமான இழப்பு; நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ளவையும் அரிய நூல்களும் தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். முயலும் யானையும் பேசிக்கொள்ளும் 24 பக்கப் புத்தகம் எதுவும் அந்த விலையைத் தொடுவதில்லை. சரி, 100 பிள்ளைகள் உள்ள பள்ளி. வாரத்துக்கு ஆளுக்கொரு புத்தகம், ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 4,000 முறை புத்தகம் வெளியே போயிருக்கிறது. 20 தொலையலாம். முப்பது வருடத்துக்கு 600. நம் நூலகர் தொலைத்ததோ சுழி. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, பள்ளிக்கூடத்துக்குச் செல்லாது என்று ஓய்வுபெற்ற தணிக்கையாளர் யாராவது எழுந்திருப்பார். செல்லாது என்றே வைத்துக்கொள்வோம். கோப்புக்கே வயதாகிப்போன அலுவலகத்தில் பெரிய மனிதர்கள் ஐந்து தொலைக்கலாம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுகூடத் தொலைக்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்றால் யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஜூன் மாதம் வாங்கிக் கொடுத்த ரப்பர் ஜூன் மாதத்தைத் தாண்டாது. பென்சில் போகும், பென்சில் சீவி போகும், டிபன் பாக்ஸ் வீட்டுக்கு வரும், மூடி வராது. மூடி வந்த அன்றைக்கு அது வேறு டிபன் பாக்ஸின் மூடியாக இருக்கும். தண்ணீர் பாட்டிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெற்றோர் சங்கக் கூட்டங்கள் பாதி அதில்தான் முடிகின்றன. பெல்ட், அடையாள அட்டை, கைக்குட்டை, மழை பெய்த அன்றைக்குக் குடை, மழை பெய்யாத அன்றைக்கும் குடை. ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு மற்றொன்றைக் காலில் போட்டுக்கொண்டு நிம்மதியாக வீடு வந்து சேரும் மனத்திண்மை அந்த வயதுக்கு மட்டுமே வாய்த்தது. வாயில் முளைத்த பல்லையே பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத வயது அது. பல்லைத் தொலைத்துவிட்டுச் சிரிக்கும். அப்படிப்பட்ட 100 பேர், முப்பது வருடம், ஒரு புத்தகத்தைக்கூடத் தொலைக்கவில்லை என்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஞானிகள். இல்லையென்றால் புத்தகம் பீரோவை விட்டு வெளியே வரவே இல்லை. பீரோ தலைமையாசிரியர் அறையில், சாவி கொத்தில், கொத்து இடுப்பில். ஞானிகளைவிட இது நம்பும்படியாக இருக்கிறது.

இதைச் சொல்ல நான் யார் என்றால், படத்திறப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறை கண்டுபிடிக்கும் சாதாரணக் கட்டுரையாளர்தான். ஆனால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சாதாரணர் அல்லர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். வந்த புதிதில் வேலையே இல்லை என்று சலித்து, கல்லூரிக்கே திரும்பப் பார்த்தவர். 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் அவர் முதலில் வைத்தது, புத்தகம் புழங்குவதற்காகவே என்பதை. அதை விளக்க, ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியில் கட்டிவைத்த காலத்திலிருந்து தொடங்குகிறார். அதே 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். புத்தகம் ஊரைத் தேடிப் போய் இத்தனை காலமாகிறது. நம் பீரோவோ இன்னும் பூட்டியே கிடக்கிறது. ஹார்வர்டில் 19-ஆம் நூற்றாண்டில் நூலகராக இருந்த ஜான் லாங்டன் சிப்ளி பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் பரம சந்தோஷமாக நடந்து போனாராம். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, எல்லாப் புத்தகமும் உள்ளே வந்துவிட்டது, இரண்டே இரண்டு அகாசிஸ் என்ற விஞ்ஞானியிடம் இருக்கிறது, அதை வாங்கத்தான் போகிறேன் என்றாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள். நாம் கைதட்டத் தயங்குகிறோம், அதுவும் இடம் பொருத்தமில்லை என்பதால் மட்டும்.

பாவம், அவரை ஏன் திட்ட வேண்டும், தொலைந்தால் அவர் சம்பளத்தில்தானே பிடிப்பார்கள் என்று கேட்பீர்கள். மிகச் சரி. அவரை நான் திட்டவே இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு எண் குறைந்தாலும், ஓய்வு பெறும் நாளில் நிலுவையின்மைச் சான்றுக்கு அலையவிடும் ஏற்பாட்டில், பீரோவைப் பூட்டியவர் கோழை அல்லர், குடும்பஸ்தர். பயந்து வாழ்ந்ததை நாம் சாதனை என்று படத்துக்கு முன் நின்று வாசிக்கிறோமே, அதுதான் தாங்கவில்லை. சாதனையைத் தேடுவோர் கடைசிப் பக்கத்தைத் திறந்து தேதிச் சீட்டைப் பார்க்கட்டும். முத்திரை மேல் முத்திரை விழுந்து ஊதா மை ஊறி, இடம் போதாமல் இரண்டாவது சீட்டு ஒட்டி, முதுகில் காலிகோ துணி வைத்துப் பசை தடவி, சாம்பார்க் கறையோடு, முதலை வரும் பக்கம் மட்டும் காணாமல் போயிருந்தால் அங்கே ஒரு நூலகர் வேலை பார்த்திருக்கிறார். சீட்டு வெள்ளையாக இருந்தால் ஒரு காவலாளி இருந்திருக்கிறார். பிள்ளைகள் கிழித்துவிடுவார்களே என்றால், கிழிப்பார்கள்தான். அதற்குத்தான் பசையும் காலிகோவும்.

நல்ல நூலகரின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். இடம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதில் ஒரு தகவல். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் செய்தித்தாளும் கதைப் புத்தகமும் வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சொல்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்றும் அதே அட்டவணை எண்ணிச் சொல்கிறது. நூலகர் என்று ஒருவரை அது எங்கும் சொல்லவில்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் மானியம் உண்டு. அதில் புத்தகம் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் ஆளுக்குச் சம்பளம் இல்லை. பாடம் நடத்தி, மதிய உணவுக் கணக்கும் பார்க்கும் ஆசிரியரிடமே சாவி போகிறது. ஐயா, முதலில் அந்தப் பதவியை எல்லாப் பள்ளியிலும் உண்டாக்குங்கள். இரங்கல் உரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.