பஸ்ஸுக்கு முன்னால் ஒருவர்

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள் நம்மவர் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார். பத்து கிலோமீட்டர் ஓட்டம் இருந்தது; அரை மாரத்தான் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு 42.195 கிலோமீட்டரில் விரலை வைத்ததற்குக் காரணம் வீரம் இல்லை, சிக்கனம். கட்டணத்தில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். கிலோமீட்டருக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட்டால் முழுசுதான் மலிவு. அதிலும் ‘ஏர்லி பேர்ட்’ தள்ளுபடி அன்று ராத்திரியோடு முடிகிறது. ஒரு சட்டை எடுக்கத் தி.நகர் போய் மூன்று சட்டையோடு திரும்புகிற பரம்பரைக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவரை உங்களுக்குத் தெரியும். சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் பிளாக்குக்கு ஒருவராவது இருப்பார். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது, உட்கார்ந்தே செய்யும் வேலை, சட்டையின் நான்காவது பட்டனுக்கு மட்டும் ஓவர்டைம். ஆபீஸில் வருஷாவருஷம் நடக்கும் ஹெல்த் செக்கப்பில் சர்க்கரை ‘பார்டர்ல இருக்கு’ என்றார்கள். டாக்டர் சொன்னது தினமும் அரைமணி நேரம் நடக்கத்தான். தினமும் என்ற வார்த்தை நம்மவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஜனவரியில் ஒரே நாளில் மொத்தமாகத் தீர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார்.

ஊரிலிருந்து வந்த அத்தை மட்டும் நேராகக் கேட்டாள். “ரோடு சும்மாத்தானே கெடக்கு? அதுல ஓடறதுக்கு எதுக்குப்பா காசு?” இதற்கு இன்றுவரை எந்த மாரத்தான் அமைப்பாளரும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

ஓடுவதற்கு முன்னால் ஓட்டத்துக்கான ஏற்பாடுகள். முதலில் ஷூ. உள்ளே கார்பன் தகடு வைத்த ஷூதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்குகிறார். கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்தாரே, அந்தக் குடும்பத்துச் சரக்கு. கிப்டம் ஒரு கிலோமீட்டரை மூன்று நிமிடத்துக்குள் கடந்தவர். நம்மவர் அதே ஷூவில் தெருமுனை பால் பூத்துக்குப் போய் வருகிறார். அடுத்தது கடிகாரம். நாடித் துடிப்பு, தூக்கம், மன அழுத்தம் என்று எல்லாம் சொல்லும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் ‘எழுந்து நட’ என்று அதிரும். ஆபீஸ் மீட்டிங்கில் அது அதிரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களிடம், “ஃபுல்லுக்கு ட்ரெயின் பண்றேன்” என்று சொல்ல ஒரு வாய்ப்பு. அந்த வகையில் கொடுத்த காசுக்கு மோசமில்லை.

பதினாறு வார அட்டவணை ஒன்று எக்செலில் வண்ணம் வண்ணமாகத் தயாராகிறது. சென்னை மாரத்தான் ஜனவரியில் என்பதால் அந்தப் பதினாறு வாரமும் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். இதைத் திட்டமிட்டவர் யாரோ, தமிழர்களைச் சோதிக்க வேண்டும் என்றே திட்டமிட்டிருக்கிறார் என்பது என் சந்தேகம். நவராத்திரிக்கு ஒன்பது வீட்டுச் சுண்டல். தீபாவளிக்குப் பலகாரம், அதன் பின்விளைவுக்கு லேகியம், லேகியம் ருசியாக இருப்பதால் இன்னொரு உருண்டை. பிறகு வடகிழக்குப் பருவமழை. ‘ஆரஞ்சு அலர்ட்’ என்று டி.வி.யில் சொன்னால் நம்மவர் முகத்தில் ஒரு நிம்மதி படரும். காலை அலாரத்தை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். மறுநாள் சுளீரென்று வெயில் அடித்தால் வானிலை மையத்தின் மேல் அவருக்குக் கோபமில்லை. மழை விட்டது என்று நிமிர்ந்தால் மார்கழி, கூடவே சபா கேன்டீன்.

ஓடவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் குரூப்போடு மெரினாவில் ஓடுகிறார். காந்தி சிலையில் தொடங்கி, கலங்கரை விளக்கத்தைத் தொட்டுத் திரும்பி, இன்னும் கொஞ்சம் இழுத்து ஐந்து கிலோமீட்டர். உத்தேசமாக நானூறு கலோரி காலி. அதன்பின் திருவல்லிக்கேணிக்குப் போய், சாம்பாரில் இட்லி தெரியாத அளவுக்கு ஊற்றிக்கொண்டு, ஒரு பொங்கல், ‘ரெண்டு பேருக்கு ஒண்ணு’ என்று ஆரம்பித்து ஆளுக்கு ஒன்றாக முடிகிற நெய் ரோஸ்ட், டிகிரி காபி. நானூறு போன இடத்தில் ஆயிரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கார்போ லோடிங்’. ஓட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு செய்ய வேண்டியதை ஆகஸ்டிலிருந்தே செய்துவருகிறார்கள். யாரும் இவர்களை முன்யோசனை இல்லாதவர்கள் என்று சொல்லக் கூடாது.

நீண்ட ஓட்டம், அதாவது முப்பது கிலோமீட்டரைத் தாண்டும் அந்த ஒரு பயிற்சி, அட்டவணையில் சிவப்புக் கட்டத்தில் இருந்தது. அன்று பார்த்து மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

“டைம் எல்லாம் எனக்கு முக்கியம் இல்ல சார். நிதானமா, என்ஜாய் பண்ணிட்டு ஓடுவேன்” என்பது நம்மவரின் கொள்கை. வெறும் சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பின்னால் பெரிய படிப்பே இருக்கிறது. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடக்கும் முறையை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்பது போல ஒரு விகிதம். நம்மவரும் விகிதத்தை அப்படியே கடைப்பிடிக்கிறார், எதற்கு நாலு எதற்கு ஒன்று என்பதில் மட்டும் சின்ன மாற்றம். ஃபவ்ஜா சிங்கை உதாரணம் காட்டுவார். 2011இல் டொராண்டோவில், நூறு வயது என்று சொல்லிக்கொண்ட அந்தப் பெரியவர், 8 மணி 11 நிமிடத்தில் முழு மாரத்தானை முடித்தார். “பாத்தியா, எட்டு மணி நேரம்!” என்றால் வீட்டுக்காரம்மா, “உங்களுக்கும் நூறு ஆகட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்” என்பார்.

நம்மவரின் குலதெய்வம் வேறொருவர். ஜப்பானின் ஷிசோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதி வழியில் சுருண்டவர். அந்த ஊரார் அலறிய வெயில் 32 டிகிரி. நமக்கு அது மாசி மாதம். வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஏதோ விருந்து நடந்துகொண்டிருந்தது. போய் உட்கார்ந்து குளிர்ச்சியாகக் குடித்தார், இளைப்பாறினார், யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். ஸ்வீடன்காரர்கள் காணாமல் போனவர் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். ஆள் ஜப்பானில்தான் இருக்கிறார் என்று தெரிந்து, 1967இல் கூப்பிட்டு மிச்சத்தை ஓடச் சொன்னார்கள். ஓடினார். அறிவிக்கப்பட்ட நேரம்: 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. நடுவில் கல்யாணமாகி ஆறு பிள்ளைகள், பத்துப் பேரப்பிள்ளைகள். இந்தக் கதையைச் சொல்லும்போது நம்மவருக்குக் குரல் தழுதழுக்கும். அந்தப் புள்ளி மூன்று விநாடியையும் விடாமல் சொல்வார்.

ஜனவரி ஞாயிறு. விடிகாலை மூன்றரை மணிக்கு நேப்பியர் பாலத்தருகே ஒரே கூட்டம். ஒடிசலாக, உடம்பில் சதையே இல்லாத சிலர் முன்வரிசையில் துள்ளிக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர் பின்வரிசையில், பனியனில் நம்பர் அட்டையை நாலு ஊக்கு போட்டுக் குத்திக்கொண்டிருக்கிறார். மூன்று ஊக்கு சரியாகப் போட்டாயிற்று. நாலாவது வயிற்றின் சரிவில் எந்தக் கோணத்தில் குத்தினாலும் அட்டை வானம் பார்க்கிறது. தொடை உரசும் இடங்களில் வாஸலின் பூசியாகிவிட்டது. மார்பிலும் பூசு என்று சீனியர்கள் சொன்னபோது கூச்சப்பட்டு விட்டுவிட்டார். நாற்பது கிலோமீட்டர் உப்பு வேர்வையில் ஊறிய பனியன் உரசினால் என்ன ஆகும் என்பது அன்று மாலை குளிக்கும்போது தெரியும். மூன்றாவது மாடி வரை அந்தச் சத்தம் கேட்கும்.

முதல் பத்து கிலோமீட்டர் அற்புதம். கடல் காற்று, பறை, கைதட்டல், கூட்டத்தின் உற்சாகம். “நிதானம்” என்ற கொள்கை காற்றில் பறக்க, வாழ்க்கையில் ஓடாத வேகத்தில் ஓடுகிறார். இருபதில் பேச்சு குறைகிறது. எதிர்ப் பக்கத்தில் முன்னணி ஓட்டக்காரர்கள் சர்ரென்று திரும்பிப் போகிறார்கள். சூரியன் தலைகாட்டுகிற நேரத்துக்கு அவர்கள் முடித்து, பதக்கம் வாங்கி, இட்லிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டப் பந்தயத்தில் கொஞ்சம்கூட நியாயம் இல்லாத இடம் இதுதான். ஓடத் தெரிந்தவனுக்குக் குளிர்ந்த இருட்டில் இரண்டரை மணி நேரம். ஓடத் தெரியாதவனுக்குத்தான் ஆறேழு மணி நேரம், அதில் பாதி உச்சிவெயில். கஷ்டத்தைக் கணக்கெடுத்துப் பரிசு தருவதாக இருந்தால் மேடையில் யார் நிற்க வேண்டும்?

முப்பதைத் தாண்டும்போது அது வருகிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து ஏறக்குறைய அந்த இடத்தில்தான் தீரும். பிறகு உடம்பு கொழுப்பை எரித்து ஓட வேண்டும். நம்மவரிடம் கொழுப்புக்குப் பஞ்சமா? தில்லி வரைக்கும் ஓடலாம். ஆனால் அது விறகடுப்பு, மெதுவாகத்தான் பற்றும். கால் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கடிதம் கொடுக்கின்றன. தண்ணீர்ப் பந்தலில் இருக்கும் கல்லூரிப் பெண் வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டு நீட்டி, “சூப்பர் அங்கிள், இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்கிறாள். உருளைக்கிழங்கு இனித்தது. அங்கிள் கசந்தது. கொஞ்ச தூரம் என்பது பன்னிரண்டு கிலோமீட்டர்.

இப்போது திரும்பிப் பார்க்கிறார். தூரத்தில் வெள்ளை பஸ்.

மாரத்தானில் நம்மவருக்குப் போட்டி கென்யாக்காரர் இல்லை. இந்த பஸ்தான். கெடு நேரத்துக்குள் முடிக்க முடியாதவர்களை ஒவ்வொருவராக அள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல் பின்னால் ஊர்ந்து வருகிறது. ஏழு மணி நேரம் கெடு என்றால் கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வேகநடையே போதும். ஆனால் ஏழு மணி நேரம் விடாமல் வேகநடை. ஜன்னலோரத்தில் ஏற்கெனவே ஏறிய நாலு பேர் ஏ.சி.யில் வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் தெரியும் பரம சாந்தம்தான் நம்மவரை உலுக்குகிறது. நடை சுமாரான ஓட்டமாக மாறுகிறது. இந்த முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் அவரை நான் உண்மையிலேயே மதிக்கிறேன்.

அதற்குள் போலீஸார் சாலையை ஒவ்வொரு பக்கமாகத் திறந்துவிட்டார்கள். ஆட்டோ, பைக், தண்ணி லாரி நடுவே நம்பர் அட்டையோடு ஒருவர். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் நின்றார். சட்டத்தை மதித்தார் என்று அவர் சொல்வார். மாநகரப் பேருந்து ஒன்று ஓரமாக வந்து நின்றது. படிக்கட்டில் இருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், ஏர்றியா? வண்டி காலியாத்தான் போவுது.”

நம்மவரால் பேச முடியவில்லை. நெஞ்சில் இருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினார்.

“டிக்கெட்டுலாம் வேணாம் சார். ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறக்கி வுடறேன். யாரு பாக்கப் போறா?”

1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஃப்ரெட் லோர்ஸ் என்பவர் இப்படித்தான் நடுவழியில் காரில் ஏறி, கடைசியில் இறங்கி ஓடி, முதலாவதாக வந்து, பதக்கம் கைக்கு வரும் நேரத்தில் மாட்டிக்கொண்டார். நம்மவருக்கு அது ஞாபகம் வந்தது என்று சொல்லத்தான் ஆசை. அட்டையின் பின்னால் சிப் இருக்கிறது, வழியில் அங்கங்கே விரித்திருக்கும் பாயை மிதிக்காவிட்டால் கணினி காட்டிக்கொடுத்துவிடும், அதுதான் ஞாபகம் வந்தது. கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

முடிவுக் கோட்டை அவர் தொட்டபோது அலங்கார வளைவில் ஒரு காலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மைக் பிடித்தவர் சாப்பிடப் போயிருந்தார். துப்பாக்கி நேரம் 6 மணி 58 நிமிடம். கடைசி வரிசையில் நின்று தாமதமாகக் கோட்டைத் தாண்டியதைக் கழித்த சிப் நேரம் 6 மணி 52. இனி அவர் வாயில் 58 என்ற எண்ணே வராது. கழுத்தில் பதக்கம் போட்டவர் குனியச் சொன்னார். குனிந்தவரை நிமிர்த்த இன்னொருவர் தேவைப்பட்டார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார். படிக்கட்டில் முன்பக்கமாக இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக. இடது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. கேட்பவர்களுக்கெல்லாம் செருப்பைக் கழற்றிக் காட்டுகிறார், கேட்காதவர்களுக்கும். ஆனால் அத்தையிலிருந்து மேனேஜர் வரை எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எத்தனாவதா வந்தீங்க?” அது அப்படி இல்லை, முடிப்பதே வெற்றி, ஒவ்வொருவரும் தன்னோடுதான் போட்டி போடுகிறார் என்று பதினைந்து நிமிடம் விளக்குவார். கேட்டு முடித்துவிட்டு அத்தை, “சரிப்பா, அது இருக்கட்டும், எத்தனாவது?” என்பாள்.

வியாழக்கிழமை ராத்திரி. வலி பாதி குறைந்திருக்கிறது, ஞாபகம் முக்கால்வாசி குறைந்திருக்கிறது. நம்மவர் சோபாவில் காலை நீட்டிப் போனில் எதையோ தடவிக்கொண்டிருக்கிறார். செப்டம்பரில் லடாக் மாரத்தான். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து பதினோராயிரம் அடிக்கு மேல். காற்றில் மூச்சுவிடவே பற்றாது. வீட்டுக்காரம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். திட்டவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

“என்னங்க, அங்கயும் பின்னாடி பஸ் வருமா?”

“அதத்தான் பாத்துட்டு இருக்கேன்” என்றார் நம்மவர்.