பட்டாயாவுக்குப் போன தொழுகையாளி

பட்டாயாவுக்குப் போகிறேன் என்று சொன்னால் நம்மூரில் யாரும் "எதுக்கு?" என்று கேட்பதில்லை. ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். விசாரணையும் தீர்ப்பும் அதிலேயே முடிந்துவிடும். மனைவியோடு போகிறேன் என்றால் அந்தச் சிரிப்பு அனுதாபமாக மாறும்.

அழைத்தது பேங்காக்கில் கல் வியாபாரம் பார்க்கும் மச்சான். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து ரத்தினக்கல் வியாபாரத்துக்காக அங்கே போனவர்கள் உண்டு. உம்மாவைச் சமாளிக்கும் பொறுப்பையும் அவனே ஏற்றுக்கொண்டான். "மாமி, அவங்க பட்டானி போறாங்க. அங்க முக்காவாசிப் பேர் முஸ்லிம்தான், பழைய காலத்துப் பள்ளியெல்லாம் இருக்கு." தெற்குத் தாய்லாந்தில் அப்படி ஓர் ஊர் இருப்பது உண்மைதான். பட்டாயாவிலிருந்து சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அங்குள்ள ஆலிம்களுக்கு ஸலாம் சொல்லச் சொல்லி உம்மா வழியனுப்பினார்.

வியட்நாம் போர்க் காலத்தில், 1960களில், அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுக்க வந்துதான் பட்டாயா என்ற மீனவ கிராமம் இப்படிக் கேளிக்கை ஊரானது. அவர்கள் ஊர் திரும்பி அரை நூற்றாண்டு ஆகிறது. ஓய்வு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

ஓட்டல் அறையில் கிப்லாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. நம்மூர் போலவே அங்கும் மேற்கே பார்த்துத்தான் தொழுகை. பட்டாயாவின் கடற்கரையும் மேற்குப் பார்த்தது. ஆக, முஸல்லாவை விரித்தால் எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடற்கரைச் சாலை, சாலையோரம் மதுக்கடைகள், அப்புறம் கடல், கடலுக்கும் அப்பால் மக்கா. மஃரிபுக்குத் தக்பீர் கட்டும் நேரம் பார்த்து எல்லா விளக்கும் எரியத் தொடங்கும். முஸல்லாவில் நெய்த கஅபா ரோஸாகி, பச்சையாகி, ஊதாவாகும். "திரையைப் போடுங்களேன்" என்றாள் மனைவி. போட்டேன். திரை மெல்லிசு.

ஆனால் ஒன்று. இந்த ஊரைத் திட்டுகிறவர்கள் இதன் கழிப்பறைகளைப் பார்த்ததில்லை. போன இடமெல்லாம் சுவரில் தண்ணீர்க் குழாய், அழுத்தினால் பீய்ச்சி அடிக்கிறது. கண்ணியத்துக்குப் பேர்போன ஐரோப்பிய நகரங்களில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நம் முகத்தையே பார்க்கிறார்கள்.

சாப்பாட்டுக்கும் தட்டில்லை. தாய்லாந்து மத்திய இஸ்லாமியக் குழுவின் ஹலால் முத்திரை செவன் இலெவன் கடையில் பிஸ்கட், நூடுல்ஸ் என்று எதிலெல்லாமோ இருக்கிறது. தண்ணீர் பாட்டிலில்கூடக் கண்டோம். மனைவி ஒவ்வொரு பொட்டலத்தையும் புரட்டிப் பார்த்து முத்திரை இருந்தால் கூடையில், இல்லாவிட்டால் அலமாரியில் என்று பிரித்தாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் பீரைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

இரவில் முக்காடிட்ட தாய் முஸ்லிம் பெண் ஒருவர் தள்ளுவண்டியில் வாழைப்பழ ரொட்டி போடுகிறார். மாவை வீசி விரித்து, பழத்தை நறுக்கி வைத்து மடித்து, வெண்ணெயில் பொரித்து, கண்டென்ஸ்டு மில்க்கைக் கோலமாக ஊற்றுகிறார். வரிசையில் நின்றவர்களில் நிதானமாக நின்றது நாங்கள் இருவர்தான். ஹலால் உணவுக்கு அப்படி ஒரு தள்ளாடும் கூட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

வாக்கிங் ஸ்ட்ரீட் என்ற கேளிக்கைத் தெருவையும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்றது மனைவிதான். படம் போட்ட அட்டையோடு ஒரு தரகர் என்னை நோக்கிப் பாய்ந்தார். பின்னால் வந்த புர்காவைக் கண்டதும் அட்டை சட்டைக்குள் போனது. "சார், ஹலால் பிரியாணி?" என்று அரபுக் கடைகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். வாடிக்கையாளரைப் படிக்கத் தெரிந்த மனிதர்.

பெரிய ஆச்சரியம் சுப்ஹு. 2023 டிசம்பரிலிருந்து பட்டாயா போன்ற சுற்றுலாத் தலங்களில் கேளிக்கை விடுதிகள் காலை நான்கு மணி வரை திறந்திருக்கலாம். சுப்ஹு ஏறக்குறைய ஐந்து மணிக்கு. ஊரில் அந்த நேரம் பள்ளிக்குப் போனால் நாய்கள்தான் துணை. இங்கே தெரு முழுக்க ஜனம். அவர்களுக்கு அது ராத்திரி, எனக்கு விடியல். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியொரு நாள் தென் பட்டாயா பள்ளிக்கு வேகமாக நடந்தபோது நம்மூர் இளைஞர் ஒருவர் பின்னாலேயே வந்தார். இந்த நேரத்தில் இவ்வளவு அவசரமாகப் போகிறவனுக்குத் திறந்திருக்கும் இடம் தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"செம கூட்டம் போல பாஸ். என்ட்ரி எவ்வளவு?"

"ஃப்ரீ தம்பி."

அவர் இரண்டடி பின்வாங்கினார். "ஃப்ரீயா? வேணாம் பாஸ். உள்ள விட்டுட்டு பில்லுல தீட்டிருவானுங்க!"