கடலுக்கு நடுவே ஒரு பங்களா அப்பு

அன்புள்ள தாத்தாவுக்கு,

பேரன் மாலைதீவுல இருந்து எழுதிக்கொள்வது. போன்ல பேசினா "காத்துச் சத்தம்தான் கேக்குது"ன்னு பாதியிலேயே அம்மாகிட்ட குடுத்துடுறீங்க. அதனால லீவுல ஊருக்கு வர்ற பதுளைக்காரர் ஒருத்தர் கையில இந்தக் காகிதத்தைக் குடுத்து விடுறேன். தங்கச்சி, தாத்தாவுக்கு இதைச் சத்தமா வாசி. உனக்குப் பிடிக்காத இடத்தைத் தாண்டிப் போயிடாதே.

என் வேலையைப் பத்திக் கேக்கிறவங்ககிட்ட எல்லாம் "பெரிய ஓட்டல்ல மேனேஜருக்கு அடுத்த ஆளு"ன்னு அம்மா சொல்லி வச்சிருக்காம். உங்ககிட்ட அந்தக் கதை எடுபடாது. நம்ம தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவுல நீங்க பார்த்த அப்பு வேலையைத்தான் நானும் பார்க்கிறேன். இங்க பட்லர்னு சொல்றாங்க. வெள்ளைச் சட்டை, காதுல ஒரு ஒயர், ஓட்டுறதுக்கு ஒரு பேட்டரி வண்டி. நீங்க ஆயுசு முழுக்க மூணே துரைமாரைப் பார்த்தீங்க. எனக்கு அஞ்சாறு நாளைக்கு ஒரு துரை மாறுவார். உங்க துரைக்கு முட்டை எவ்வளவு நேரம் வேகணும்னு பழகிப் பழகித்தான் தெரிஞ்சுக்கிட்டீங்க. எனக்கு ஆள் வந்து இறங்கும் முன்னாடியே ஜாதகம் வந்துடும். கடலை ஒத்துக்காது, கலியாண நாள் புதன்கிழமை, துரைசாணிக்கு மெத்தை கெட்டியா வேணும். தலைகாணிக்குன்னே தனியா ஒரு மெனு அட்டை இருக்கு. அதைப் படிச்சுப் படிச்சே சில பேருக்குத் தூக்கம் வந்துடுது.

இந்த நாட்டை உங்களுக்கு எப்படிச் சொல்றது? நம்ம இலங்கையில பீதுருதாலகாலை மலை 2,524 மீட்டர் உசரம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே. இங்க இயற்கையா இருக்கிற ஆகப் பெரிய மேடே ரெண்டரை மீட்டர்கூட வராது. நம்ம லயத்துக்கு ஏறுற படிக்கட்டை இங்க கொண்டாந்து வச்சா அதுதான் நாட்டுக்கே பெரிய மலை. 1972ல குரும்பா தீவுல முதல் ஓட்டலைத் திறந்தாங்க. இப்ப நூத்தைம்பதுக்கும் மேல இருக்கு. தீவுக்கு ஒரு ஓட்டல்ங்கிறதுதான் இவங்க வழக்கம். ஓட்டலைத் தவிர அந்தத் தீவுல வேற ஒண்ணும் இருக்காது. தலைநகரம் மாலேல சாராயம் கிடையாது, ஓட்டல் தீவுல ஆறா ஓடும். விருந்தாளிங்க தண்ணியில இறங்குற சின்ன பிளேன்ல வந்து சேர்றாங்க. அதை ஓட்டுறவர் சட்டை, தோள்பட்டி எல்லாம் போட்டுக்கிட்டு வெறுங்காலோட உக்காந்திருப்பார். செருப்பில்லாம பங்களா வாசல்ல நின்னதுக்காக சின்ன துரைகிட்ட நீங்க வாங்கின ஏச்சு எனக்கு ஞாபகம் வந்துச்சு. இங்க விருந்தாளி வந்ததும் செருப்பை வாங்கி ஒரு துணிப்பையில கட்டி வச்சிடுறாங்க. வெறுங்கால்ல நடக்கிறதுக்கும் சேர்த்துத்தான் காசு.

கடிகாரத்தையும் இவங்க இஷ்டத்துக்குத் திருப்பி வச்சிருக்காங்க. எங்க தீவுல மாலே நேரத்துக்கு ஒரு மணி முந்தி ஓடுது. அசாம் தேயிலைத் தோட்டத்துலயும் இப்படி ஒரு மணி முந்தின நேரம் உண்டு. அங்க வெளிச்சம் வீணாகாம வேலை வாங்கிறதுக்காக. இங்க விருந்தாளி லேட்டா எந்திரிச்சாலும் வெயில் மிச்சம் இருக்கிறதுக்காக. நமக்குன்னு கடிகாரத்தைத் திருப்ப இன்னும் யாரும் வரல.

இந்த வெள்ளை மணலைப் பார்த்து வர்றவங்க எல்லாம் மயங்கிப் போறாங்க. "மாவு போல இருக்கே"ன்னு அள்ளி அள்ளிக் கன்னத்துல தடவிக்கிறாங்க. இந்த மணல்ல பெரும்பங்கு ஒரு மீன் போட்டது, தாத்தா. கிளி மூக்கு மாதிரி அலகு வச்ச மீன் ஒண்ணு பவளப்பாறையைக் கடிச்சுத் தின்னு, செரிக்காத சுண்ணாம்பைப் பின்பக்கமா விடுது. அதுதான் கரையில ஒதுங்கிக் கடற்கரை ஆகுது. ஆராய்ச்சிக்காரங்களே அளந்து எழுதி வச்சிருக்காங்க. தேனிலவுக்கு வந்த பொண்ணு ஒண்ணு அதை ஒரு குப்பியில அடைச்சு ஊருக்குக் கொண்டு போனதைப் பார்த்தேன். என் வாயைத் திறக்க இந்த வேலையில அனுமதி இல்ல.

அடுத்தது ஸ்பா. அதுதான் இந்தத் தீவோட மூலஸ்தானம். கடல் மேல மரக்கால் நட்டுக் கட்டியிருக்கு. உள்ள போனதும் குரலைத் தாழ்த்திடணும். முதல்ல ஒரு பித்தளைப் பாத்திரத்துல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி, பூப் போட்டு, காலைக் கழுவி விடுவாங்க. அப்புறம் கட்டில்ல குப்புறப் படுக்கணும். முகம் வைக்க ஒரு ஓட்டை, ஓட்டைக்கு நேர் கீழே தரையில கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே கடல். பாலித்தீவுப் பொண்ணு ஒண்ணு முதுகைப் பிசையப் பிசைய இவங்க மீனைப் பார்த்துக்கிட்டே படுத்திருப்பாங்க. அந்த மீனுங்க இவங்க முகத்தைப் பார்த்து என்ன நினைக்குதோ! ஏசி போட்டிருக்கிறதால கதவு எல்லாம் சாத்தியிருக்கும், வெளியில அடிக்கிற அலை கேக்காது. அதனால ஸ்பீக்கர்ல அலைச் சத்தம் போட்டு விடுறாங்க. அதே ஆளு ராத்திரி வில்லாவுக்குப் போய், "கடல் ரொம்பச் சத்தம் போடுது, தூங்க முடியல, ஏதாவது பண்ணுங்க"ன்னு எனக்குப் போன் போடுறார். காதுல அடைக்கப் பஞ்சு கொண்டு போய்க் குடுத்தேன், வெள்ளித் தட்டுல வச்சு.

ஸ்பா மெனுவுல நம்ம சரக்கும் இருக்கு. பச்சைத் தேயிலைத் தூளைத் தேங்காய் எண்ணெயில குழைச்சு உடம்பு முழுக்கத் தேய்க்கிறாங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு 250 டாலர். டாலர் 300 ரூபான்னு வையுங்க, 75,000 ரூபா. 2024ல தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,350 ஆச்சே, அந்தக் கணக்குப்படி அம்மாவுக்கு 55 நாள் வேலை, அதாவது 55 பேர். அதுவும் முழுப் பேர். கிலோ குறைஞ்சு அரைப்பேர் போட்டா இன்னும் தூரம் போகணும். நாள் முழுக்கக் கொழுந்து பறிச்சு வந்த அப்பாயி கை கறை போகாம சாம்பல் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்ததை அந்த மெனு எழுதினவர் பார்த்திருக்க மாட்டார். மசாஜ் பண்ற பொண்ணுக்கு அந்த 250ல என்ன கிடைக்குதுன்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே போயிருச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், பில்லுல சேர்க்கிற சேவைக் கட்டணத்தை வேலைக்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும்னு இந்த நாட்டுல சட்டம் இருக்கு. மாசக் கடைசியில அதைப் பார்த்துத்தான் எங்க எல்லார் முகத்துலயும் பட்லர் சிரிப்பு வருது.

சாப்பாட்டுக்குக் குறை இல்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. காலையில மாஸ் ஹுனின்னு ஒண்ணு. தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், மீன் போட்டுப் பிசைஞ்சு ரொட்டியோட தருவாங்க. நம்ம சம்பலுக்கு மீன் போட்டா எப்படியோ அப்படி. எனக்குப் பழகிப் போச்சு.

மழைக்குத்தான் இவங்க படுத்துற பாடு. மே மாசம் காத்து திரும்பினா இங்கயும் மழை உண்டு. ரெண்டு நாள் சேர்ந்தாப்புல பெய்ஞ்சுட்டா ரிசப்ஷன்ல வந்து பணத்தைத் திருப்பிக் கேக்கிறாங்க. ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?"ன்னார். மழை விடாம கொட்டுற நம்ம வட்டவளைக்கு ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டணும்னு மனசுல நினைச்சுக்கிட்டு, "விசாரிச்சுச் சொல்றேன் சார்"னேன். அரை மணி நேரத்துல மழை தானா விட்டுருச்சு. கையில இருபது டாலர் வச்சார். நான் மறுக்கல.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இப்ப வர்றவங்கள்ல நிறையப் பேர் நம்ம மலையையும் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. மலையில நாலு நாள், கடல்ல அஞ்சு நாள்னு சேர்த்தே டிக்கட் போடுறாங்க. காசல்ரீ, நோர்வூட், டியன்சின் தோட்டத்துத் துரை பங்களாக்களை எல்லாம் 2005ல இருந்து ஓட்டலா நடத்துறாங்களே, அங்க தங்கி வந்த ஒரு இங்கிலீஷ் துரைசாணி தேத்தண்ணி ஊத்தப் போன என்கிட்ட போட்டோ காட்டினா. "நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?"ன்னு கேட்டா. "பிறந்ததே அங்கதான்"னேன். கையைத் தட்டிப் புருஷனையே கூப்பிட்டுட்டா. "எவ்வளவு குடுத்து வச்சவர்! அப்படி ஒரு சொர்க்கத்தை விட்டு ஏன் வந்தீங்க?" அதுக்கு இருபது டாலர் பதில் எதுவும் என்கிட்ட இல்ல, தேத்தண்ணியை ஊத்தினேன்.

முதல் போட்டோவுல நாலு பொம்பளைங்க, கூடையோட, சிரிச்ச முகமா. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. கூடையில ஒரு கொழுந்து இல்ல, இடுப்புல படங்கு இல்ல, தேயிலைச் செடிக்குள்ள பளபளன்னு சேலை. ரோட்டோரம் போட்டோவுக்கு நிக்கிறவங்க. அடுத்த போட்டோவைத் தள்ளிவிட்டுட்டு, "இது சரியா வரல, அந்தம்மா திரும்பிக்கிட்டாங்க"ன்னா. மழையில பொலித்தீனைத் தலையில போட்டுக்கிட்டு ஒருத்தங்க மலையில ஏறுறாங்க, முதுகு மட்டும்தான் தெரியுது. எந்தத் தோட்டமோ, யாரோ. இன்னொரு தரம் காட்டச் சொல்லிக் கேக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள ஆமை போட்டோ வந்துடுச்சு.

உங்ககிட்ட ஒரு தொழில் ரகசியம் கேக்கணும் தாத்தா. துரை தப்பாப் பேசும்போது நீங்க கண்ணை எங்க வச்சுப்பீங்க? நான் அவங்க சட்டையோட ரெண்டாவது பொத்தானைப் பார்க்கிறேன். ஆனா இங்க பாதிப் பேர் சட்டையே போடுறதில்ல.

அடுத்த கிழமை இங்கிருந்து ஒரு ஜோடி ஹட்டன் பக்கம் வர்றாங்க. மலை ஏறப் போறாங்களாம். அட்டை கடிச்சா என்ன செய்யிறதுன்னு கேட்டாங்க, ஸ்பாவுல அதுக்கு ஏதாவது கிரீம் இருக்கான்னும் கேட்டாங்க. சவர்க்காரமும் உப்பும்னு எழுதிக் குடுத்தேன். அது எந்தக் கம்பனித் தயாரிப்புன்னு துரைசாணி விசாரிக்கிறா. பெரிய வைக்கோல் தொப்பி, துரை கழுத்துல ரெண்டு கேமரா. நம்ம மலைப்பக்கம் கண்டா அம்மாவை முகத்தைத் திருப்ப வேணாம்னு சொல்லுங்க. நேரா நின்னு, போட்டோவுக்கு டாலர்ல கேக்கச் சொல்லுங்க. இவங்க குடுப்பாங்க, எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் பேரன்