காரோடு கப்பலேறுபவர்களுக்கு

சிங்கப்பூருக்கு மாற்றலாகிறவர் பிள்ளைபோல் வளர்த்த காரையும் கப்பலில் ஏற்றலாம்; தடையேதும் இல்லை. மூன்று வயதைத் தாண்டாமல், ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் திருவிழா. கலால் வரி 20 சதவீதம், ஜிஎஸ்டி 9 சதவீதம். கூடுதல் பதிவுக் கட்டணம், முதல் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புக்கு 100 சதவீதம். சொகுசுக் கார் என்றால் உச்ச அடுக்கில் 320. பழைய காரைக் கொண்டுவந்த குற்றத்துக்குத் தனியாக 10,000 வெள்ளி.

எல்லாம் கட்டத் தயாரா? நல்லது. அதோடு, மாதம் இருமுறை நடக்கும் ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 2023இல் அது லட்சம் வெள்ளியைத் தாண்டியது. கார் இல்லை, சார், வெறும் அனுமதி! அதற்கும் ஆயுள் பத்தாண்டு.

'எல்லை தாண்டி ஜொகூரில் ஒரு மலேசியக் காரை வாங்கி ஓட்டிக்கொள்கிறேன்' என்று புத்திசாலித்தனம் காட்டாதீர்கள். சிங்கப்பூரில் குடியிருப்பவர் வெளிநாட்டில் பதிவான காரைச் சிங்கப்பூருக்குள் ஓட்டக்கூடாது. இதை முன்பே யோசித்துவிட்டார்கள்.

ஊரிலேயே காரை விற்றுவிட்டு வாருங்கள். எம்ஆர்டி ரயிலில் யாரும் உங்களிடம் இறக்குமதி வரி கேட்கப்போவதில்லை.